ஒரே மைதானத்துப் பங்காளிகள்

(இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் கால்பந்தும் ரக்பியும் நடத்திவரும் போட்டி குறித்து ஆற்றிய மாலைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டுப் பட்டிமன்றம் என்று நினைத்து வந்தவர்கள் சிலராவது இங்கே இருப்பீர்கள். கால்பந்தா ரக்பியா என்று இரண்டு அணி பிரிந்து பேசி, கடைசியில் நடுவர் எழுந்து இரண்டுமே சிறந்தவை என்று தீர்ப்புச் சொல்லும் நிகழ்ச்சி இது இல்லை. நான் சொல்லப்போவது ஒரு சொத்துத் தகராறு. சொத்து என்பது ஒரு மைதானம். அதோடு சேர்ந்து ஒரு நகரத்தின் சனிக்கிழமைப் பிற்பகல். தகராறு 1903-இல் தொடங்கியது. இன்னும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை.

ஊர் பிராட்ஃபோர்ட். வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில், லீட்ஸுக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அடில் ரஷீத் பிறந்த ஊர், ஜானி பேர்ஸ்டோ பிறந்த ஊர் என்றால் புரியும். ஒரே டெஸ்ட்டில் 19 விக்கெட் எடுத்த ஜிம் லேக்கரும் அங்கே பிறந்தவர்தான். ஆனால் இன்றைக்குக் கிரிக்கெட்டைத் தொடப்போவதில்லை. நம் ஊரில் தொட்டால் விடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிராட்ஃபோர்ட் என்றால் கம்பளி. உலகத்துக்கே கம்பளித் துணி விலை பேசிய நகரம் அது. மலைச்சரிவுகளில் ஆலை, ஆலையைச் சுற்றித் தொழிலாளர் வரிசை வீடுகள், மேலே புகை. மானிங்ஹம் என்ற பகுதியில் பட்டும் வெல்வெட்டும் நெய்த லிஸ்டர் ஆலை இருந்தது. 1890 டிசம்பரில் அங்கே கூலியைக் குறைத்தார்கள். வேலைநிறுத்தம் மறு ஏப்ரல் வரை நீண்டு தோற்றது. தோற்ற கோபத்திலிருந்து ஓர் அரசியல் எழுந்தது. 1893 ஜனவரியில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி இதே பிராட்ஃபோர்ட்டில்தான் தொடங்கப்பட்டது. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. விளையாட்டை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் யார் என்று தெரிந்தால்தான், அந்தக் கூட்டத்துக்காக இரண்டு விளையாட்டுகள் ஏன் அடித்துக்கொண்டன என்பது புரியும். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி துணி ஆலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வேலை செய்யக்கூடாது. அவர்கள் இல்லாமல் தறி ஓடாது. ஆகவே ஆலையே நின்றது. இரண்டு மணிக்குச் சங்கு. மூன்று மணிக்கு ஆட்டம். ஆயிரக்கணக்கானவர்கள் கையில் சில பென்ஸ் காசோடு, போக ஓரிடம் தேடித் தெருவில் இறங்கினார்கள்.

அந்தக் கூட்டத்தை முதலில் பிடித்தது கால்பந்து இல்லை, ரக்பி. பிராட்ஃபோர்ட் கிளப் 1863-இல் தொடங்கியது. 1880 முதல் பார்க் அவென்யூ மைதானம் அதன் வீடு. அதே 1880-இல் மானிங்ஹம் கிளப் தோன்றியது. அது 1886-இல் வேலி பரேட் என்ற சரிவான இடத்தில் மைதானம் அமைத்துக்கொண்டது. பார்க் அவென்யூ கனவான்களின் இடம், வேலி பரேட் ஆலைத் தொழிலாளிகளின் இடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவ்வளவு சுத்தமாகக் கோடு கிழிக்க முடியாது. ஆனால் பார்க் அவென்யூவில் பணம் இருந்தது, வேலி பரேடில் இல்லை. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரக்பியைப் பற்றி நம் ஊரில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ரக்பி ஒன்று இல்லை, இரண்டு. ஆலையில் வேலை செய்கிறவன் ரக்பி ஆடுவதற்காக ஒரு வேலை நாளை விட்டால் அன்றைய கூலி போயிற்று. அந்தக் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. காசு வாங்கிக்கொண்டு ஆடுவது விளையாட்டுக்கே இழுக்கு என்று லண்டன்காரர்கள் மறுத்தார்கள். கூலி இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்குக் கவலையில்லாதவர்கள் அவர்கள். கொள்கை பேசுவது சுலபமாக இருந்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடித் தனிக்கட்சி கட்டிவிட்டன. ஒரு நாள் இழப்புக்கு ஆறு ஷில்லிங் என்று தொகையும் வைத்தார்கள். நார்தர்ன் யூனியன் என்று பெயர். அதுதான் பின்னால் ரக்பி லீக் ஆனது. தெற்கில் தங்கியது ரக்பி யூனியன். பிராட்ஃபோர்ட்டின் இரண்டு கிளப்புகளும் வடக்குக் கட்சியில்தான் சேர்ந்தன.

நார்தர்ன் யூனியனின் முதல் சீசனில், 1895-96-இல், 22 கிளப்புகள். ஒவ்வொன்றும் 42 ஆட்டம். கடைசிக் கட்டத்தில் மானிங்ஹமும் பக்கத்து ஊர் ஹாலிஃபாக்ஸும் கழுத்தோடு கழுத்தாக நின்றன. மானிங்ஹம் தன் கடைசி ஆட்டத்தை ஹன்ஸ்லெட்டின் மைதானத்தில் ஜெயித்தே ஆக வேண்டும். அந்த ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு டிராப் கோல். ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தரையில் போட்டு, எழும்பும் கணத்தில் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது. அன்று அதற்கு நான்கு புள்ளி. 4-0. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் மானிங்ஹம் முதல் சாம்பியன் ஆனது. ரக்பி லீக் வரலாற்றின் முதல் பெயர் அது. இன்று அந்தப் பெயரில் ஓர் அணி இல்லை.

ஏழே வருஷத்தில் கதை தலைகீழானது. நார்தர்ன் யூனியன் இரண்டு பிரிவாகப் பிரிந்தபோது மானிங்ஹம் இரண்டாம் பிரிவில் போய் விழுந்தது. கூட்டம் குறைந்தது, கடன் ஏறியது. கிளப்பைக் காப்பாற்ற நிதி திரட்டினார்கள். எப்படி என்று நினைக்கிறீர்கள்? வில்வித்தைப் போட்டி நடத்தி! அம்பு விட்டுக் கடன் அடைத்தார்கள். அந்தப் பணத்தால் கிளப் மீண்டது. மீண்டதும் நிர்வாகிகளுக்கு ஒரு யோசனை வந்தது: இதே ரக்பியைத் தொடர்ந்தால் மறுபடியும் அம்பு விட வேண்டியதுதானே?

அதே சமயத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் உதவி ஆசிரியர் ஜேம்ஸ் வைட் இன்னொரு பக்கம் காய் நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் ஸ்காட்லாந்துக்காரர், கால்பந்துப் பித்தர். கால்பந்துச் சங்கத்தாரைச் சந்தித்து, இவ்வளவு பெரிய நகரத்தில் உங்கள் விளையாட்டுக்கு ஒரு பெரிய அணி இல்லையே என்று கேட்டார். கேள்வி சரியான இடத்தில் போய்த் தைத்தது. மேற்கு யார்க்‌ஷயர் முழுக்க ரக்பிக் கோட்டை. கால்பந்து லீகுக்கு அங்கே கால் ஊன்ற இடமில்லை. அங்கே ஒரு கிளப் கிடைத்தால் லீகுக்கு அது கோட்டைக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி. 1903 மே 25 அன்று லீகின் கூட்டத்தில், ஒரு பந்தைக்கூட உதைத்திராத, ஒரு வீரர்கூட ஒப்பந்தமாகாத, மானிங்ஹமின் இடத்தில் வரவிருந்த ஒரு பிராட்ஃபோர்ட் கால்பந்து கிளப்புக்கு 30 வாக்குகள் விழுந்தன. டான்காஸ்டர் வெளியே, பிராட்ஃபோர்ட் உள்ளே. நேரே இரண்டாம் பிரிவில் இடம். நான்கு நாள் கழித்து மே 29-இல் மானிங்ஹம் உறுப்பினர்கள் கூடினார்கள். கால்பந்துக்கு 75, ரக்பிக்கு 34.

வரிசையைக் கவனியுங்கள். இடம் முதலில் கிடைத்துவிட்டது. உறுப்பினர்களிடம் சம்மதம் கேட்டது பிறகு. பெண் பார்க்கும் முன்பே மண்டபம் பேசி முடித்தாயிற்று. நான் அந்த 75 பேரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு வேறு வழி தெரிந்திருக்காது. அந்த 34 பேருக்கும் என் அனுதாபம் உண்டு. முதல் சாம்பியன் பட்டம் ஜெயித்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது.

கிளப்பின் பெயர் பிராட்ஃபோர்ட் சிட்டி ஆனது. மைதானம் அதே வேலி பரேட். சட்டையின் நிறமும் அதே: அடர்சிவப்பும் மஞ்சளும் கலந்த மானிங்ஹம் வண்ணம். இன்று சிட்டி ரசிகர்கள் கழுத்தில் சுற்றிக்கொண்டு போகும் துண்டின் நிறம் ஒரு ரக்பி அணியுடையது என்பது அவர்களிலேயே எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வரும் சங்கதி இல்லை. அந்த செப்டம்பரில் வேலி பரேடில் நடந்த முதல் கால்பந்து ஆட்டத்துக்கு 11,000 பேர் வந்தார்கள். கெய்ன்ஸ்பரோ டிரினிட்டியிடம் சிட்டி 3-1 என்று தோற்றது. தோற்றாலும் கூட்டம் போகவில்லை.

இந்த 11,000 பேர் எங்கிருந்து வந்தார்கள்? என் வாதமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நேற்றுவரை ரக்பி பார்த்த ஊர் அது. கால்பந்துக்கென்று தனி ஜாதி ஒன்று மறைந்து வாழ்ந்துகொண்டிருந்து, திடீரென்று வெளியே வரவில்லை. அதே தெரு, அதே ஆலை, அதே ஆட்கள். கால்பந்து ரசிகர், ரக்பி ரசிகர் என்று நாம் பிரித்துப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் நிர்வாகக் குழுவின் அறையிலும் பத்திரிகைப் பத்தியிலும் பிறந்த பிரிவினை. பார்வையாளர் திண்டில் நின்ற ஆளுக்கு முதலில் அவன் மைதானம், அடுத்து அவன் நிறம், அதற்கடுத்துத்தான் பந்தின் வடிவம். மேல் வரிசையில் ஆடுகிற அணி எதுவோ அதைப் பார்க்கப் போனான். இதை மறுப்பவர்கள் உண்டு. அடுத்து நடந்தது அவர்கள் பக்கத்துக்கும் கொஞ்சம் வலு சேர்க்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்க் அவென்யூவில் பிராட்ஃபோர்ட் கிளப் ரக்பியைத் தொடர்ந்தது. நன்றாகவும் ஆடியது. 1904-இல் நார்தர்ன் யூனியன் சாம்பியன், 1906-இல் ரக்பியின் சவால் கோப்பை. ஆனாலும் பக்கத்தில் கால்பந்துக்குக் கூட்டம் கூடிக்கொண்டே போவதைத் தலைவர் ஹாரி பிரிக்ஸ் பார்த்தார். பிரிக்ஸ் ஆலை முதலாளி. பணத்தை எண்ணத் தெரிந்தவர், செலவழிக்கவும் தெரிந்தவர். நாமும் கால்பந்துக்கு மாறுவோம் என்றார். 1907 ஏப்ரலில் பெரும் சண்டையோடு கிளப் ரக்பியைக் கைவிட்டது. அந்த நிகழ்வுக்கு ரக்பிக்காரர்கள் வைத்த பெயர் மாபெரும் துரோகம். இன்றும் அந்தப் பெயர்தான். சிட்டியோடு இணைந்து ஒரே பெரிய கிளப் ஆகலாம் என்ற திட்டம் சிட்டி உறுப்பினர்களிடம் போனபோது, எதிராக 1,031, ஆதரவாக 487. பணக்காரப் பங்காளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பிறகு நடந்தது நகைச்சுவை. மைதானத்தின் பெயரால் பார்க் அவென்யூ என்றே அழைக்கப்பட்ட அந்தக் கிளப்புக்குக் கால்பந்து லீக் அந்த ஆண்டு இடம் தரவில்லை. பிரிக்ஸ் அசரவில்லை. தெற்கு லீகில் சேர்ந்துவிட்டார்! வடக்கே யார்க்‌ஷயர் மலைச்சரிவில் இருக்கிற அணி ஒரு சீசன் முழுக்க பிளிமத்துக்கும் சவுத்தாம்ப்டனுக்கும் பிரைட்டனுக்கும் ரயில் ஏறிப் போய் ஆடியது. மறுவருஷம் 1908-இல் லீகில் இடம் கிடைத்தது.

ரக்பியை விட மாட்டோம் என்றவர்கள் 1907-லேயே பிரிந்து பிராட்ஃபோர்ட் நார்தர்ன் என்ற புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். பார்க் அவென்யூவின் சிவப்பு, மஞ்சள், கருப்பு நிறத்தைக் கால்பந்து அணி எடுத்துக்கொண்டது. இவர்களும் அதே மூன்று நிறத்தை உடுத்தினார்கள். ஒரே நகரத்தில், ஒரே நிறத்தில், ஒருவர் துரோகி, ஒருவர் தியாகி. பாகப்பிரிவினையில் பாத்திரம் பண்டத்தை எல்லாம் பங்கு போட்டாயிற்று. குலதெய்வத்தை மட்டும் இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. நார்தர்னுக்கு மைதானம் கிடையாது, பணம் கிடையாது. ஓரிடத்தில் ஒரு சீசன், பிறகு பர்ச் லேன் என்ற சுமாரான மைதானத்தில் கால் நூற்றாண்டு. வெறும் மைதானத்துக்கும் நிறத்துக்கும் விசுவாசம் என்று நான் சொன்னேனே, அதற்கு அடங்காத ஒரு சிறு கூட்டம் இது. ஆட்டத்துக்காகவே எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள். சிறு கூட்டம்தான், ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் பிராட்ஃபோர்ட்டில் ரக்பி லீக் அன்றே முடிந்திருக்கும்.

அடுத்த சில ஆண்டுகள் கால்பந்தின் பொற்காலம். சிட்டி 1908-இல் முதல் பிரிவுக்கு ஏறியது. 1911 மார்ச்சில் பர்ன்லியோடு நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு 39,146 பேர் வேலி பரேடில் திரண்டார்கள். அந்த மைதானத்தின் சாதனை இன்றுவரை அதுதான். அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பைக்குப் புதிதாகக் கிண்ணம் செய்யும் வேலை பிராட்ஃபோர்ட்டின் ஃபட்டோரினி நகைக் கடைக்குக் கிடைத்திருந்தது. நியூகாசிலோடு சிட்டி ஆடிய இறுதி ஆட்டம் கிரிஸ்டல் பேலஸில் கோல் இல்லாமல் முடிய, மறு ஆட்டம் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில். சிட்டியின் அணித்தலைவர் ஜிம்மி ஸ்பியர்ஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், நியூகாசில் தோற்றது. பிராட்ஃபோர்ட்டில் செய்த கிண்ணம் முதல் பயணமாகப் பிராட்ஃபோர்ட்டுக்கே திரும்பியது. ஸ்பியர்ஸ் 1917-இல் பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டார். 1914-15 சீசனில் சிட்டி, பார்க் அவென்யூ இரண்டும் முதல் பிரிவில் அக்கம்பக்கமாக நின்றன. மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த நகரத்துக்கு இரண்டு முதல் பிரிவுக் கால்பந்து அணிகள்! அளவுக்கு மீறிய ஆசை. போர் முடிந்ததும் பார்க் அவென்யூ 1921-இலும் சிட்டி 1922-இலும் கீழே இறங்கின. சிட்டி மறுபடி மேலே வர 77 வருஷம் ஆனது.

இதே மானிங்ஹமில் 1894-இல் பிறந்தவர் எழுத்தாளர் ஜே.பி. பிரீஸ்ட்லி. அவருடைய 1929-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற நாவல் கால்பந்து ஆட்டம் முடிந்து கூட்டம் தெருவில் வழியும் காட்சியோடுதான் தொடங்கும். ஊருக்கு வேறு பெயர் வைத்தார். பிராட்ஃபோர்ட்டுக்காரர்களுக்கு அதெல்லாம் மறைவில்லை.

கால்பந்து சரிந்த காலத்தில் ரக்பி நிமிர்ந்தது. நகரின் தெற்கே ஓட்சல் என்ற இடத்தில் பெரிய பள்ளம். நகராட்சி அங்கே ஊர்க் குப்பையைக் கொட்டியது. குப்பை சும்மா கொட்டப்படவில்லை. பள்ளத்தைச் சுற்றிக் கரை கட்டுவதுபோல் அடுக்கி, அந்தக் கரைகளையே பார்வையாளர் திண்டாக்கினார்கள். 1934-இல் நார்தர்ன் அங்கே குடியேறியது. விந்தையான மைதானம். உடை மாற்றும் அறை திண்டின் உச்சியில். வீரர்கள் ரசிகர்களுக்கு நடுவே படிக்கட்டில் இறங்கி ஆடப் போக வேண்டும். தோற்றால் அதே படியில், அதே ரசிகர்களின் முகத்தைப் பார்த்தபடி ஏறி வர வேண்டும். மைதானத்தைச் சுற்றி மோட்டார் சைக்கிள் பந்தயப் பாதை இருந்ததால் ஆடுகளத்தின் நான்கு மூலைகளும் வளைந்து மேலே ஏறின. மூலையில் ஓடி வந்து புள்ளி எடுப்பவன் மேட்டில் ஏறி விழ வேண்டும். வெளியூர் அணிகளுக்கு அது சிம்மசொப்பனம். 1947, 48, 49 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து நார்தர்ன் வெம்ப்ளியில் சவால் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போய் இரண்டில் ஜெயித்தது.

1954 மே 5. சவால் கோப்பை இறுதி ஆட்டம் வெம்ப்ளியில் 4-4 என்று முடிந்ததால் மறு ஆட்டத்தை ஓட்சலில் வைத்தார்கள். ஆடியது வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும். டிக்கெட் கணக்குப்படி வந்தவர்கள் 1,02,569 பேர். கணக்கில் வராமல் உள்ளே புகுந்தவர்களைச் சேர்த்தால் இன்னும் அதிகம் என்பார்கள். ஒரு வேலை நாள் மாலையில், குப்பைமேட்டில், பிராட்ஃபோர்ட் அணி ஆடாத ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர். இங்கிலாந்தில் ரக்பி லீக் அதற்குப் பிறகு அந்த எண்ணைப் பார்க்கவில்லை.

ஒன்பதரை வருஷம் கழித்து, 1963 நவம்பரில் அதே ஓட்சலில் பிராட்ஃபோர்ட் நார்தர்ன், பாரோ அணியோடு ஆடியது. வந்தவர்கள் 324 பேர். ஒரு லட்சம் பேர் நின்ற பள்ளத்தில் 324 பேர் நிற்பது எப்படி இருந்திருக்கும்! டிசம்பரில் கிளப் மூடப்பட்டது. இதற்குக் கால்பந்துமேல் பழி போட முடியாது; அப்போது சிட்டியும் பார்க் அவென்யூவும் கீழ்ப் பிரிவுகளில் தத்தளித்தன. வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்தாயிற்று, கம்பளி ஆலைகள் ஆட்டம் கண்டன, சனிக்கிழமைக்கு வேறு வழிகள் பிறந்தன. பங்காளிகள் அடித்துக்கொண்டிருந்தபோது சொத்தின் மதிப்பே இறங்கிக்கொண்டிருந்தது. 1964-இல் பழைய வீரர்கள் டிரெவர் ஃபாஸ்டர், ஜோ ஃபிலிப்ஸ் முதலியோர் ஊரைக் கூட்டி நார்தர்னை மறுபடி உயிர்ப்பித்தார்கள். பார்க் அவென்யூவுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. 1970-இல் லீகிலிருந்து வாக்கெடுப்பில் வெளியேற்றப்பட்டது. பணக்காரப் பங்காளி கடைசிச் சீசனில் தன் மைதானத்தைவிட்டு வேலி பரேடில் ஒண்டுக்குடித்தனம் இருந்து, 1974-இல் கடன் தாளாமல் கலைக்கப்பட்டது. அதே பெயரில் 1988-இல் பிறந்த அணி கீழ் வரிசைகளில் ஆடிவருகிறது.

இனி 1985. அந்த நாளைப் பற்றிப் பேசும்போது நான் அடக்கியே பேசுவேன். பிராட்ஃபோர்ட்டிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். மே 11, சனிக்கிழமை. மூன்றாம் பிரிவுக் கோப்பையைச் சிட்டி ஜெயித்த கொண்டாட்டம். லிங்கன் சிட்டியோடு கடைசி ஆட்டம். முதன்மை அரங்கு மரத்தாலானது. நாற்காலி வரிசைகளுக்கு அடியில் பல ஆண்டுக் காகிதக் குப்பை சேர்ந்திருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் யாரோ போட்ட தீக்குச்சியோ சிகரெட்டோ கீழே விழுந்து பற்றியது. சில நிமிடங்களில் கூரை முழுவதும் தீ. முன்பக்கம் மைதானத்தில் குதித்தவர்கள் பிழைத்தார்கள். பின்பக்கம் வாசலுக்கு ஓடியவர்களுக்குக் கதவுகள் பூட்டியிருந்தன. 56 பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் லிங்கன் ரசிகர்கள். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் டேவிட் ஷார்ப்பின் முயற்சியால் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தீக்காய ஆராய்ச்சிப் பிரிவு உருவானது. இன்றும் சிட்டி ரசிகர்கள் அதற்கு நிதி திரட்டுகிறார்கள்.

மைதானம் இல்லாமல் போன சிட்டி எங்கே ஆடியது? சில ஆட்டங்கள் பக்கத்து ஊர்களில், பிறகு ஓட்சலில். ரக்பியைத் தள்ளிவிட்டுப் பிறந்த கிளப்பை ரக்பியின் வீடு ஏற்றுக்கொண்டது. கால்பந்து ரசிகர்களுக்கு அந்த மைதானம் பிடிக்கவே இல்லை. ஆட்டம் வெகு தூரத்தில் எங்கோ நடக்கிற மாதிரி இருந்தது என்று குறைப்பட்டார்கள். 1986-இல் லீட்ஸ் யுனைடெட் வந்தபோது அந்த ஊர் ரசிகர்களில் சிலர் உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் வண்டியைக் கவிழ்த்துத் தீ வைத்தார்கள். 56 பேர் எரிந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு நான் விளக்கம் தேடப்போவதில்லை. அந்த டிசம்பரில் சிட்டி புதுப்பித்த வேலி பரேடுக்குத் திரும்பியது.

1996-இல் ரக்பி லீக் ஒரு புத்திசாலித்தனம் செய்தது. சூப்பர் லீக் என்று பெயர் மாற்றி, ஆட்டத்தைக் குளிர்காலத்திலிருந்து கோடைக்குக் கொண்டுபோனது. தொலைக்காட்சிப் பணம் அதற்குப் பின்னால் இருந்தது என்பது வேறு கதை. நார்தர்ன் தன் பெயரை பிராட்ஃபோர்ட் புல்ஸ் என்று மாற்றிக்கொண்டது. எருது வேஷம் போட்ட பொம்மை மனிதர்கள், பாட்டு, ஆட்டம், குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்குச் சலுகை. பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் அணி நன்றாக ஆடியது. நியூசிலாந்திலிருந்து வந்த ராபி பால் 1996 வெம்ப்ளி இறுதி ஆட்டத்தில் மூன்று முறை புள்ளிக் கோட்டைத் தாண்டி விழுந்தும் புல்ஸ் தோற்றது. ஆனாலும் ஊர் அன்றே அவரைத் தத்து எடுத்துக்கொண்டது. 1997-இல் முதல் 20 லீக் ஆட்டமும் தொடர் வெற்றி, சாம்பியன் பட்டம். குளிர்காலத்துக்குச் சிட்டி, கோடைக்குப் புல்ஸ். தொண்ணூறு வருஷத் தகராறு காலண்டரால் தீர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. 1999-இல் சிட்டியும் பிரீமியர் லீகுக்கு ஏறியது. நகரத்துக்கு அப்படி ஒரு காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்புறம் 2001 வந்தது. ஓட்சலைப் பெரிதாகக் கட்டும் திட்டம் பேசப்பட்டதால் புல்ஸ் தன் சொந்த ஆட்டங்களை வேலி பரேடில் ஆடியது. ஆம், மானிங்ஹமின் வேலி பரேடில். மே மாதம் சிட்டி பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அக்டோபரில் புல்ஸ், ஓல்ட் டிராஃபோர்டில் விகனை 37-6 என்று நொறுக்கிச் சாம்பியன் ஆனது. 1896-இல் ரக்பியின் முதல் சாம்பியன் வாழ்ந்த மைதானத்தில் 105 வருஷம் கழித்து மறுபடி ஒரு ரக்பிச் சாம்பியன் வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரர் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். ஓட்சலை மாற்றும் திட்டம் நடக்கவில்லை. 2003-இல் புல்ஸ் பழைய பள்ளத்துக்கே திரும்பி, அந்த ஆண்டும் 2005-இலும் பட்டம் வென்றது.

இரண்டு கிளப்பும் பிறகு விழுந்த விதம் ஒன்றுதான். பிரீமியர் லீகில் தங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் சிட்டி நட்சத்திரங்களுக்குக் கொட்டிக் கொடுத்தது. 2002-இலும் 2004-இலும் கிளப் திவாலாகி நிர்வாகியின் கைக்குப் போனது; மைதானம் கைமாறி, சொந்த வீட்டிலேயே வாடகை கொடுக்கும் நிலை. 2007-இல் நான்காம் பிரிவு. அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்குக் குறைத்தார்கள். கடைசிப் பிரிவில் ஆடும் அணிக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் சீசன் டிக்கெட் விற்றது. நான் முன்னே சொன்னதில் ஒரு திருத்தம் இங்கே தேவை. கூட்டம் ஜெயிக்கிற பக்கம் போகும் என்றேன். விலை சரியாக இருந்தால் தோற்கிற பக்கமும் வரும்.

புல்ஸ் 2012-இல் ஓட்சல் குத்தகையை ரக்பி லீக் சங்கத்துக்கு விற்றது. அதுவும் போதாமல் பத்து லட்சம் பவுண்டு தாருங்கள் என்று ஊரிடம் கையேந்தியது, ஊர் கொடுத்தது, அப்படியும் அந்த ஆண்டே திவால். 2014-இல் சூப்பர் லீகிலிருந்து இறங்கி, 2017 ஜனவரியில் கிளப் கலைக்கப்பட்டுப் புதிய நிறுவனமாகத் தொடங்கியது. மைதானச் செலவு கட்டுப்படியாகாமல் ஒரு சீசன் பக்கத்து டியூஸ்பரியில் போய் ஆடியது. 2021-இல் ஓட்சலுக்குத் திரும்பியது. அதே ஆண்டுகளில் நான்காம் பிரிவில் இருந்த சிட்டி ஆர்சனலையும் ஆஸ்டன் வில்லாவையும் வீழ்த்தி 2013 லீக் கோப்பை இறுதிக்கே போய், ஸ்வான்சியிடம் 5-0 என்று தோற்றது. 2015-இல் செல்சியின் மைதானத்தில் இரண்டு கோல் பின்தங்கி, பிறகு நான்கு போட்டு ஜெயித்தது. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாத வீட்டில் திடீரென்று விருந்து நடக்கும் பாருங்கள், அந்த ரகம்.

இந்தச் சண்டையில் பெரும்பாலோர் விட்டுவிடுகிற ஒரு சங்கதி மிச்சமிருக்கிறது. வேலி பரேட் நிற்கிற மானிங்ஹம் இன்று பெரும்பாலும் பாகிஸ்தானிலிருந்து, குறிப்பாக மீர்பூர் பகுதியிலிருந்து, ஆலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இடம். மைதானச் சுவருக்கு வெளியே அவர்கள் தெரு. சுவருக்கு உள்ளே அவர்கள் முகம் அரிது. பிரீமியர் லீகில் ஆடிய பிரிட்டிஷ் ஆசியரான ஸேஷ் ரஹ்மான் ஒன்றரை ஆண்டு சிட்டிக்கு ஆடினார். இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றார். ரக்பியில் நிலைமை இன்னும் மோசம். 1903-இல் இரண்டு விளையாட்டும் ஒரே கூட்டத்துக்காகச் சண்டை போட்டன. இன்று சுவருக்கு வெளியே ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது, இரண்டுமே அதை உருப்படியாக அழைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போகிறார்கள். அடில் ரஷீத் அப்படி வந்தவர்தான்.

2025 மே மாதம் சிட்டி கடைசி நிமிடக் கோலால் ஃப்ளீட்வுட்டை வென்று மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. அந்த அக்டோபரில், 2026-க்கான சூப்பர் லீக் இடம் புல்ஸுக்குக் கிடைத்தது. பதினோரு சீசன் வெளியே இருந்துவிட்டு வந்த இடம். கோடை ஆட்டம் என்று பெயர்தானே தவிர, சூப்பர் லீக் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். கால்பந்துச் சீசன் மே வரை ஓடும். ஆக அந்த மூன்று மாதமும் இரண்டும் ஒரே பாக்கெட்டில்தான் கை விட வேண்டும். புல்ஸ் வெள்ளிக்கிழமை ஆடலாமா, ஞாயிறு ஆடலாமா, சிட்டி ஊரில் இல்லாத வாரம் எது என்று அட்டவணை போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒருவர் மற்றவரின் பட்டியலைத்தான்.

என் நேரம் முடிந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கிரிக்கெட்டைப் பற்றியானால் அடுத்தவரைக் கேளுங்கள்.